இறால் சுத்தம் செய்தல்

இறால் சுத்தம் செய்தல் என்பது பச்சை இறாலின் தலை, ஓடு, முதுகுக் குடல் ஆகியவற்றை நீக்கிச் சமையலுக்குத் தயார் செய்யும் முறையாகும். இறால் விரைவில் கெடக்கூடியது. எனவே கடலிலிருந்து தள்ளியுள்ள மணிமங்கலம், ஒரகடம் போன்ற ஊர்களில் இறால் வாங்குவோர் அதன் குளிர்ச்சியைக் கவனிப்பது அவசியம்.

தேர்ந்தெடுத்தல்

நல்ல இறாலின் ஓடு பளபளப்பாகவும், தலை உடலோடு உறுதியாக ஒட்டியும் இருக்கும். அமோனியா நெடி அடித்தாலோ சதை கொழகொழத்தாலோ வாங்கக் கூடாது. தலையும் ஓடும் கறுப்பது நொதிகளின் வேலை. பிடித்து நேரமாகிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். தலையும் ஓடும் போனால் எடையில் ஏறத்தாழப் பாதியே சதையாக மிஞ்சும் என்பதால், அதற்கேற்பக் கூடுதலாக வாங்க வேண்டும்.

செய்முறை

1. தலையைத் திருகி எடுக்க வேண்டும். செரிமானச் சுரப்பி தலையில் இருப்பதால், அதன் நொதிகள் சதையை இளகச் செய்யும்.
2. கால்கள் உள்ள அடிப்பக்கத்திலிருந்து ஓட்டை உரிக்க வேண்டும்.
3. முதுகில் இலேசாகக் கீறி, கறுப்பு இழையை உருவ வேண்டும். பலர் இதை நரம்பு என்பர். உண்மையில் இது கழிவு நிறைந்த குடல். பெரிய இறாலில் இது மண்போல நறநறக்கும்.
4. குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, நீரை வடித்துவிட வேண்டும். நெடுநேரம் ஊறவைத்தால் சுவை குறையும்.

மஞ்சள்தூளும் உப்பும் பிசறினால் வாடை குறையும். ஆனால் கெட்டுப்போன இறாலை அவை நல்லதாக்கிவிடாது.

வேகும்போது நிறமாற்றம்

பச்சை இறாலில் அஸ்டாக்சாந்தின் என்னும் செந்நிறமி புரதத்தோடு பிணைந்திருப்பதால் அதன் நிறம் வெளித்தெரியாது. சூட்டில் அப்புரதம் சிதைவதால் இறால் சிவக்கிறது. சதை முழுவதும் வெண்மையாகி, இறால் வளைந்ததும் அடுப்பிலிருந்து இறக்கலாம். மேலும் வெந்தால் ரப்பர் போலாகும்.

பாதுகாப்பு

பச்சை இறாலை வெளியே 2 மணி நேரத்திற்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 பாகை செல்சியசைத் தாண்டினால் 1 மணி நேரமே வரம்பு. கடையிலிருந்து வீடு வரும் பயண நேரமும் இதில் அடங்கும். எனவே பனிக்கட்டியோடு கொண்டுவருவது நல்லது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் ஓரிரு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும்.

இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான டிரோபோமயோசின் என்னும் புரதம் சமைத்தாலும் அழிவதில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் இறாலை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் உண்பதும் ஆபத்தே. இறால் வெட்டிய கத்தி, பலகை ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே காய்கறி நறுக்கப் பயன்படுத்த வேண்டும்.