பல்கோணியின் சுழற்சி

இலங்கையில் முன்னாளில் வழங்கிய ஐந்து சதக் காசு முனை மழுங்கிய சதுர வடிவினது. அதனைக் கடதாசியொன்றில் வைத்து, விளிம்பைச் சுற்றிப் பென்சிலாற் கோடு வரைந்து, பின்னர் நடுவைப் பற்றி மெல்லத் திருப்பினால் முனைகள் கோட்டைக் கடந்து வெளியே நீளும். காற்சுற்று முடிந்ததும் காசு மீண்டும் கோட்டுக்குள் அடங்கிவிடும். மேலுள்ள முத்திரை சாய்ந்து கிடக்கும் என்பது மெய்யே. ஆயினும் விளிம்பை மாத்திரம் நோக்குவோர், காசு திருப்பப்பட்டதா இல்லையா என்று கூறவியலாது.

பக்கங்களெல்லாம் சமமாகவும் கோணங்களெல்லாம் சமமாகவும் அமைந்த ஒழுங்கான பல்கோணிகள் அனைத்துக்கும் இவ்வியல்பு உண்டு. ஒரு முழுச்சுற்று 360 பாகை. அதனைப் பக்கங்களின் தொகையால் வகுத்தால், உருவம் தன்மேல் தானே பொருந்துவதற்கு வேண்டிய மிகச் சிறிய திருப்பம் கிடைக்கும். முக்கோணிக்கு அது 120 பாகை, சதுரத்துக்கு 90, ஐங்கோணிக்கு 72, அறுகோணிக்கு 60.

மாணவர் இடறுவது இவ்விடத்திலேதான். சதுரத்தின் உட்கோணமும் 90 பாகை, சுழற்சிக் கோணமும் 90 பாகை. ஆகவே, சதுரத்தை முதலிற் பயின்றவன் இரண்டும் ஒன்றே என மயங்கி, ஐங்கோணியின் சுழற்சிக் கோணத்தை 108 என எழுதிவிடுகிறான். 108 என்பது அதன் உட்கோணம். ஐங்கோண வடிவமான வயலொன்றை வரப்பு வழியே சுற்றி வருபவனை எண்ணிப் பார்க்கலாம். ஐந்து மூலைகளிலும் திரும்பி, புறப்பட்ட திசையையே நோக்கி நிற்கும்போது அவன் திரும்பியது மொத்தம் 360 பாகை; மூலைக்கு 72. அத்திருப்பமும் உட்கோணமும் சேர்ந்தே 180 பாகையாகின்றன.

திருப்பியபின் ஓர் உச்சி எவ்விடத்தை அடைகிறதோ அதுவே அதன் விம்பம். ஐங்கோணியின் உச்சிகளுக்கு மணிக்கூட்டுக் கம்பி செல்லும் திசையில் 1 முதல் 5 வரை இலக்கமிட்டு, அத்திசையிலேயே 144 பாகை திருப்புவதாகக் கொள்வோம். 144 என்பது 72 இன் இருமடங்கு. எனவே ஒவ்வோர் உச்சியும் ஈரிடம் முன்செல்லும். 1 இன் விம்பம் 3. 4 உடன் 2 ஐக் கூட்ட 6 வரும். அப்படியோர் உச்சி இல்லாமையால் 5 ஐக் கழிக்க, விம்பம் 1 ஆகும். எதிர்த்திசையிற் திருப்பினால், கூட்டுவதற்குப் பதிலாகக் கழிக்க வேண்டும். ஒரு பக்கத்தின் விம்பம் வேண்டுமாயின், அதன் இரு முனைகளின் விம்பங்களை இணைத்தாற் போதும்.

இதே திருப்பத்தை மீண்டும் மீண்டும் செய்தால் முதலாம் உச்சி 3, 5, 2, 4 என எல்லா இடங்களையும் கண்டு தன்னிடம் சேரும். அவ்வழியைக் கோட்டால் வரைந்தால் ஐம்முனை நட்சத்திரம் தோன்றும். அறுகோணியிலோ ஈரிடத் திருப்பம் 1, 3, 5 என்னும் மூன்றிடங்களுக்குள்ளேயே சுற்றும். 2, 4, 6 ஐ ஒருபோதும் அடையாது. ஆறு இரண்டால் வகுபடுவதும் ஐந்து வகுபடாமையுமே காரணம்.

ஐங்கோணியின் பிடிவாதம் தரையிலும் தெரியும். ஓடுகள் ஒரு புள்ளியைச் சூழ இடைவெளியின்றிப் பதிய வேண்டுமாயின், அங்கு கூடும் கோணங்கள் 360 ஆக வேண்டும். ஆறு முக்கோணிகளோ, நான்கு சதுரங்களோ, மூன்று அறுகோணிகளோ அவ்வாறு பதியும். மூன்று ஐங்கோணிகள் 324 பாகையே நிரப்பும். எஞ்சும் 36 பாகை இடைவெளியில் நான்காவதற்கு இடமில்லை.

பளிங்குகளில் அணுக்களும் தரையோடுகளைப் போன்று ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வர அடுக்கப்பட்டிருக்கும். ஆதலின், 180, 120, 90, 60 பாகைத் திருப்பங்களன்றி வேறெதுவும் பளிங்குக்கு இயலாதென்று விஞ்ஞானிகள் கருதினர். 1982 ஏப்பிரில் 8 ஆம் திகதி, அமெரிக்காவில் ஆய்வு நடத்திய இஸ்ரவேல் விஞ்ஞானி டான் ஷெக்ட்மன், விரைந்து குளிர்விக்கப்பட்ட அலுமினிய மங்கனீசுக் கலப்புலோகத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கினார். ஒளிப்புள்ளிகள் நடுவைச் சூழப் பத்துப் பத்தாக நின்றன. 36 பாகை திருப்பினாலும் கோலம் மாறவில்லை. பலர் நம்ப மறுத்தனர். இருமுறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங் 1994 இல் மறையும்வரை அதனை ஏற்கவில்லை. எனினும், அக்கலப்புலோகத்தில் அணுக்கள் ஒழுங்காகவே நின்றன. ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வராமையே வேறுபாடு. 1992 இல் சர்வதேசப் பளிங்கியல் ஒன்றியம் பளிங்கு என்பதன் வரைவிலக்கணத்தைத் திருத்தியமைத்தது. 2011 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு ஷெக்ட்மனுக்கு வழங்கப்பட்டது.