உடல் எடை குறைந்தபின் பிரா தளர்வது ஏன்? சரியான அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உடல் எடை குறையும்போது மார்பகத்தில் உள்ள கொழுப்பும் குறைகிறது. ஆனால், விரிந்த தோல் அதே வேகத்தில் சுருங்குவதில்லை. இதனால், பெரிய மார்பகம் கொண்ட பெண்களுக்குப் பழைய பிரா போதிய தாங்குதலை அளிப்பதில்லை.

பலர் தோள் வார்களை இறுக்கிச் சமாளிக்கின்றனர். இது தோளில் தடத்தையும் கழுத்து வலியையும் ஏற்படுத்தக்கூடும். எடையைப் பெரும்பாலும் தாங்குவது வார் அல்ல. மார்பின் கீழ் உடலைச் சுற்றிவரும் பட்டையே. முதுகுப் பக்கம் பட்டை மேலேறினால், அது தளர்ந்துவிட்டது என்று பொருள்.

அளவில் 34, 36 போன்ற எண் பட்டையையும், சி, டி போன்ற எழுத்து கப்பையும் குறிக்கும். பட்டை மட்டும் தளர்ந்திருந்தால் எண்ணைக் குறைத்து, எழுத்தை ஒரு படி உயர்த்த வேண்டும். 36சி அணிந்தவருக்கு 34டி பொருந்தக்கூடும். இரண்டின் கப் கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்றே. கப்பிலும் சுருக்கம் விழுந்தால் 34சி-யைப் போட்டுப் பார்க்கலாம்.

புதிய பிராவை மிகத் தளர்வான கொக்கியில் மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். எலாஸ்டிக் தளரும்போது அடுத்த கொக்கிகள் உதவும். எடை நிலைபெறும் வரை ஒன்றிரண்டு மட்டும் வாங்கினால் போதும்.

ஒரு மார்பகத்தில் மட்டும் மாற்றமோ, கட்டியோ தென்பட்டால், எடைக் குறைவின் விளைவு எனக் கருதாமல் மருத்துவரை அணுக வேண்டும்.