பாட்டு அவர் வாயில், படம் யார் கையில்?

கலைஞனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்பவர்கள் டீக்கடை பெஞ்சிலும் உண்டு, பங்களா வராந்தாவிலும் உண்டு. பாடுகிறவன் பாடிவிட்டுப் போகட்டும், நடிக்கிறவன் நடித்துவிட்டுப் போகட்டும், ஊர் வழக்கு அவனுக்கு ஏன் என்பார்கள். இந்தக் கேள்வியை ஆயுள் முழுதும் எதிர்கொண்ட ஒரு மனிதரைப் பற்றி இன்று தோழர்களோடு பேச விரும்புகிறோம். அவர்தான் பால் ராப்சன்.

1898-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை அடிமையாகப் பிறந்து, இளம் வயதில் தப்பி ஓடி, பின்னர் பாதிரியார் ஆனவர். மகன் சட்டம் படித்து வக்கீல் தொழிலுக்குப் போனார். கறுப்பர் சொல்ல, தான் எழுதுவதா என்று சுருக்கெழுத்தாளர் முகம் சுளித்தார். ராப்சன் வெளியேறினார். நீதிமன்றம் இழந்த குரல் மேடைக்குக் கிடைத்தது.

என்ன குரல் அது! அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு அரங்கின் தூண்களை அதிர வைக்கும் குரல். 1928-ல் லண்டனில் ‘ஷோ போட்’ நாடகத்தில் மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய ஒரு பாட்டைப் பாடினார். ‘ஓல்டு மேன் ரிவர்’ என்ற அந்தப் பாட்டுக்காகவே கூட்டம் திரண்டது. ஆனால் அதன் கடைசி அடிகளில் அலுப்பும் அச்சமும்தான் இருந்தன. மூட்டை சுமக்கும் கறுப்பர் களைத்துப் போய் விதியை நொந்துகொள்வார், ஆறு கவலையின்றி ஓடும். கைதட்டல் வாங்கிக்கொண்டே ராப்சன் பத்தாண்டுக் காலம் இதை யோசித்தார். 1930-களின் பிற்பகுதியில் அந்த அடியை மாற்றினார். ராகம் அதேதான், ஆறும் அதேதான். சுமைதூக்கும் மனிதர் மட்டும் மாறினார். அழுதவர், இனிச் சாகும்வரை போராடுவேன் என்றார். எழுதிய பாடலாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. ராப்சன் திரும்பப் பழையபடி பாடவில்லை.

பாட்டில் இது முடிந்தது. சினிமாவில் முடிந்ததா? அங்கேதான் அவர் பட்ட பாட்டைக் கவனிக்க வேண்டும்.

‘சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்’ என்று 1935-ல் ஒரு படம் வந்தது. ஆப்பிரிக்காவுக்கே ஆள் அனுப்பி, அந்த மக்களின் ஆட்டத்தையும் பாட்டையும் படம் பிடித்து வந்திருந்தார்கள். அதைப் பார்த்து ராப்சன் மகிழ்ந்தார். தம் முன்னோரின் பண்பாட்டை உலகம் காணட்டும் என்று நம்பி, தலைவன் வேடம் ஏற்றார். பின்னாளில் கென்யாவின் ஜனாதிபதியான ஜோமோ கென்யாட்டாவே அதில் துணை நடிகராகத் தலைகாட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! படம் முடிந்து திரைக்கு வந்தபோதோ, அது வெள்ளை அதிகாரியின் ஆட்சிக்குப் பாடிய வாழ்த்தாக இருந்தது. கம்பீரமான அந்தக் குரலே தன் இனத்தின் விலங்குக்குப் பூச்சூட்டி நின்றது.

பிறகு அந்தப் படத்தை அவரே வெளிப்படையாகக் கண்டித்தார். நடிகன் முகத்தைத் தருகிறான், குரலைத் தருகிறான். வெட்டி ஒட்டும் கத்தரிக்கோலோ முதலாளியின் மேஜையில் இருக்கிறது. நெசவாளி நூலைத் தந்துவிட்டு, சேலையின் கரையை வேறொருவர் தீர்மானிப்பதைப் பார்த்து நிற்பது போலத்தான். 1942-க்குப் பிறகு ஹாலிவுட் பக்கமே அவர் போகவில்லை. சினிமாவில் கிடைத்த பணம் கொஞ்சமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் மனம் நிறைந்து சொல்லிக்கொண்ட படம் ஒன்று உண்டு. 1940-ல் வந்த ‘தி பிரவுட் வேலி’. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலை தேடி வரும் கறுப்பர் கதை. அதற்கு விதை லண்டன் தெருவில் விழுந்தது. 1920-களின் இறுதியில், வேலையிழந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகள் பாடிக்கொண்டே ஊர்வலம் வந்தார்கள். நாடகக் கொட்டகையில் பேர் வாங்கிய நட்சத்திரம் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார். அன்று தொடங்கிய உறவு சாகும்வரை அறவில்லை.

இசையைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. ஆப்பிரிக்கா, சீனம், ஸ்காட்லாந்து என்று எங்கே போனாலும் உழைக்கும் மக்களின் பாட்டில் ஐந்து சுரங்களே அடித்தளமாக நிற்கின்றன என்று கண்டு, பல மொழிகளைக் கற்று அதை ஆராய்ந்தார். நம் மோகனமும் ஐந்து சுரந்தானே! சங்கீத பண்டிதர்கள் இதை எவ்வளவு ஒப்புக்கொள்வார்கள் என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. ஆனால் நியூயார்க்கில் படிக்கப் போன அசாம் இளைஞர் பூபேன் ஹசாரிகா அவரைச் சந்தித்துத் திரும்பி வந்து, மிசிசிப்பிப் பாட்டின் தாக்கத்தில் பிரம்மபுத்திராவைப் பார்த்துக் கேள்வி கேட்டுப் பாடினார். அந்தப் பாட்டு வங்கத்துக்குப் போனபோது ஆறு கங்கையாயிற்று.

இத்தனைக்கும் கூலி என்ன? 1950-ல் அமெரிக்க சர்க்கார் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலைக்காகப் பேசுகிறார் என்பதையும் ஒரு காரணமாகக் கோர்ட்டில் காட்டியது! கச்சேரி மண்டபங்கள் மூடின. வருஷத்துக்கு லட்சம் டாலர் ஈட்டியவர் சில ஆயிரத்துக்கு இறங்கினார். கம்யூனிஸ்டு அல்ல என்று எழுதிக் கொடு, பாஸ்போர்ட் தருகிறோம் என்றார்கள். எழுதிக் கொடுக்க மறுத்தார்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. சோவியத் நாட்டில் தம் நண்பர்களான யூத எழுத்தாளர்கள் பட்ட கொடுமையைப் பற்றி அமெரிக்காவில் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை என்ற குற்றச்சாட்டு உண்டு. அதை மறைப்பது அவருக்கு மரியாதை ஆகாது.

எல்லையை அடைத்தவர்களால் குரலை அடைக்க முடியவில்லை. 1952 மே மாதம், கனடா எல்லையில் ஒரு லாரியின்மேல் நின்று பாடினார், எல்லைக்கு அந்தப் பக்கமும் மக்கள் கடலாக நின்று கேட்டார்கள். 1957 அக்டோபரில், வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகளின் விழாவுக்குக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே நியூயார்க்கிலிருந்து பாடினார். அவர்களும் அதே கம்பியில் திருப்பிப் பாடினார்கள். 1958-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பின் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

1960 நவம்பரில் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். சிட்னியில் ஆப்பரா மாளிகை அப்போது வெறும் கான்கிரீட்டும் கம்பியுமாக நின்றது. கட்டடத் தொழிலாளிகள் சாப்பாட்டு வேளையில் சாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ராப்சன் அவர்கள் நடுவே நின்று, வார்த்தை மாற்றிய அந்த ஆற்றுப் பாட்டைப் பாடினார். ராணியார் வந்து அந்த மாளிகையைத் திறந்து வைத்தது 1973-ல்.