ஏலம் விடுவோர் ஏமாறாதிருக்க



வறுமையில் வாடிய அன்சாரித் தோழர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி வேண்டி வந்தார். அவர் வீட்டிலிருந்தவை ஒரு விரிப்பும் ஒரு கோப்பையுமே. அவற்றைக் கொண்டுவரச் செய்து அண்ணலார் ஏலமிட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். இதனினும் மிகுதியாகத் தருவார் உண்டா எனக் கேட்கவே, மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார். ஒன்று குடும்பத்தின் உணவுக்காயிற்று. மற்றொன்று கோடரியாகிப் பிழைப்புக்கு வழி செய்தது. அபூதாவூத் முதலிய நூல்களில் பதிவான இந்நிகழ்ச்சியால், பழைய பொருளை ஏலத்தில் விற்பது ஆகுமான செயலே என அறிகிறோம். ஆயின், அங்கே பொருளும் விலையும் ஒரே இடத்தில், எல்லோர் கண்முன்னும் கைமாறின என்பதை மறந்துவிடலாகாது.

இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலும் அடுத்துள்ள ஓசூர்த் தொழிற்பேட்டைப் பகுதியிலும் வேலை மாறுவோரும் ஊர் திரும்புவோரும் தம் பழைய கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றை இன்று இணையச் சந்தையில் விற்கின்றனர். கேட்பவர் ஓசூரில் இருக்கிறாரா, எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் இருக்கிறாரா, இந்தியாவின் எம்மூலையில் இருக்கிறாரா என்பது விற்பவருக்குத் தெரிவதில்லை. வஞ்சகனுக்கு அதுவே வாய்ப்பு.

அவன் தன்னை இராணுவ வீரன் என்பான். அடையாள அட்டையின் படமும் அனுப்புவான். பேரம் பேசாமலே கேட்ட விலைக்கு இசைவான். முதலில் சிறு தொகை செலுத்தி நம்பிக்கையூட்டுவான். பின்னர் கியூஆர் குறியீடொன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இட்டால் பணம் வந்து சேரும் என்பான். உண்மையோ நேர்மாறானது. யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை; அதை இடுவது நம் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ள இசைவு தருவதாகும். 2021 பிப்ரவரியில் தில்லியில் பழைய சோபாவை விற்க முயன்ற, நன்கு கற்ற பெண்ணொருவர் இவ்வழியில் 34,000 ரூபாயை இழந்தார்.

வாணிபத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட தோழர் ஒருவரை அண்ணலார் பழிக்கவில்லை. வஞ்சகம் கூடாது என்பதை வியாபாரம் பேசும்போதே சொல்லிவிடுமாறு கற்பித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் இதைப் பதிவு செய்துள்ளன. அந்நெறியை நாமும் கைக்கொள்வோம். நேரில் வந்து பார்த்து வாங்குவோருக்கே விற்போம் என முதலிலேயே கூறுங்கள். மக்கள் நடமாடும் இடத்தில், சாட்சியாக ஒருவரை உடன் வைத்துக்கொண்டு கொடுங்கள். விற்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளத் திருமறையும் பணிக்கிறது. பணம் செலுத்தியதாகக் காட்டும் படத்தை நம்பாமல், வங்கிக் கணக்கில் தொகை சேர்ந்ததைக் கண்ட பின்னரே பொருளைக் கையளியுங்கள். தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பிவிட்டேன், திருப்பித் தாருங்கள் என்பவனிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

நம் கடமையும் உண்டு. ஈரத் தானியத்தை உள்ளே மறைத்து விற்றவரைக் கண்டித்த அண்ணலாரின் உம்மத்தினர், மின்கலத்தின் பழுதையும் திரையின் கீறலையும் மறைக்கலாமா? வாங்கும் எண்ணமின்றி நண்பரைக் கொண்டு ஏல விலையை ஏற்றுவதும் ஹதீஸில் தடுக்கப்பட்டதே. கைப்பேசியை விற்குமுன் கணக்குகளை நீக்கி, உள்ளிருப்பவற்றை அழித்துவிடுங்கள். குடும்பத்தாரின் படங்கள் நம்மிடம் உள்ள அமானிதம். வாங்கியபோது பெற்ற ரசீதைக் காட்டி, ஐஎம்இஐ எண்ணையும் வாங்குபவரின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னரும் ஒருவர் ஏமாந்துவிட்டால், வெட்கத்தால் வாய்மூடி இருக்க வேண்டா. உடனே 1930 என்ற எண்ணில் முறையிட்டு, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறி மறையுமுன் அதைத் தடுத்து நிறுத்த விரைவு ஒன்றே துணை. வீட்டாரும் அவரை ஏசாதிருங்கள். ஏச்சுக்கு அஞ்சி அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வஞ்சகனுக்கே ஆதாயம்.

வல்ல நாயன் நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.