தகரச் சீட்டும் தடைமுகாமும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆந் திகதி, கொரோனாத் தொற்றின் காரணமாக, வெளிநாட்டுப் பயணிகளுக்கு இலங்கையின் வானூர்தி நிலையங்கள் அடைக்கப்பட்டன. பின்னர்ச் சிறிது சிறிதாக வரவிடப்பட்டோர் பதினான்கு நாள் தனித்திருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. பாடசாலை மீண்டுந் திறந்த பின்னர் மாணவனொருவன் என்னிடம் வந்து, "சேர், இப்படிப்பட்ட சட்டம் முன்னும் இருந்ததா?" என வினவினான். இருந்தது. அவனுடைய முன்னோர் அதன் வழியாகவே இரத்தினபுரிக்கு வந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியத் தொழிலாளர் மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மலைநாடு சேர்ந்தனர். வாந்திபேதியும் பெரியம்மையும் அவர்களுடன் நடந்தன. வழியில் மாண்டவர் பல்லாயிரவர். 1896இல் பம்பாயிற் பிளேக்கு நோய் தோன்றியதும் அரசினர் விழித்துக்கொண்டனர். வாந்திபேதிக்கு விழியாதவர் பிளேக்குக்கு விழித்தது கவனிக்கத்தக்கது. பிளேக்கு துறைமுக வணிகத்தையும் முடக்கவல்லதன்றோ!

1901ஆம் ஆண்டளவில் தகரச் சீட்டு முறை வந்தது. ஆள் திரட்டச் செல்லுங் கங்காணியிடந் துரை வட்டமான தகரத் துண்டுகளைக் கொடுத்தனுப்புவார். அதிலே மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் எண்ணும், ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்தறியாத் தொழிலாளி அதனை உடலிற் கட்டிக்கொள்ள, முகாம் அலுவலரும் புகைவண்டிக்காரரும் அதனைப் படித்து உரிய தோட்டத்துக்கு அனுப்புவர். செலவு தோட்டத்தின் பேரிற் பதியப்பட்டு, ஈற்றிலே தொழிலாளியின் கடனாக முடிந்தது. எனவே அத்தகரம் பயணச் சீட்டு, நுழைவு அனுமதி, தொழில் அனுமதி, கடன் பத்திரம் என நான்குமாயிற்று. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பயணச் செலவைப் பொதுநிதியொன்று ஏற்றது.

1914இல் தனுக்கோடிக்குந் தலைமன்னாருக்கும் இடையிற் கப்பல் ஓடத் தொடங்கிற்று. அதனையொட்டி மண்டபத்தில், இந்திய மண்ணிலேயே, இலங்கை அரசினரின் தடைமுகாம் இயங்கியது. வந்தவர் ஐந்தாறு நாள் அங்கே தடுத்து வைக்கப்பட்டனர், உடைகள் ஆவியிற் சுத்திசெய்யப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது, கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. நோயற்றவரென அறிந்த பின்னரே கப்பல். சப்பிரகமுவாவுக்குரியோர் கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கின் சிறு புகைவண்டியேறினர். அவ்விருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியிருந்தது.

இம்முகாமாற் பல உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் நோயைத் தடுத்த அதே வாயில், ஆளை இன்ன தோட்டத்துக்கு உரியவன் எனக் கணக்கிற் பதியும் வாயிலாகவும் இருந்தது. நோயச்சம் தணிந்தாலும் அக்கணக்கு மறையவில்லை.

1939 ஆகஸ்டு முதலாந் திகதி இந்திய அரசினர் கூலித்தொழிலாளர் வெளியேறுதலைத் தடுத்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இங்கே பிறந்தோரிலும் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடிவரவுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், பாட்டன் தகரத் துண்டோடு தாண்டிய கடலைப் பேரன் தாண்டக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதாயிற்று.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோரிற் பலர் மண்டபத்திலேயே முதலில் இறக்கப்பட்டனர். 1983க்குப் பின் ஈழ அகதிகளும் அங்கே தங்கினர்.

அம்மாணவன் மறுவாரம் பூட்டனாரின் தகரத் துண்டைக் கொண்டுவந்தான். எழுத்துத் தேய்ந்துவிட்டது, கயிறு கோத்த துளையும் இரண்டு இலக்கங்களும் மட்டும் தெரிந்தன.