ஸ்வெட்டர் ரெடி... உள்ளே போக முடியுதா?

திருப்பூர்ல உக்காந்துக்கிட்டு, 'ரெண்டு ஊசியை வச்சு நாலு மாசமா ஒரு ஸ்வெட்டர் பின்னுறேன்'னு சொல்லிப் பாருங்க. "ஏங் கண்ணு, காதர்பேட்டைக்குப் போனா அரை மணி நேரத்துல பை நிறைய அள்ளிட்டு வந்துடலாமே!"னு பக்கத்து வீட்டு அக்கா நிச்சயம் சிரிப்பாங்க. சிரிக்கட்டும் பாஸ், அது மேட்டரே இல்லை.

உண்மையான சோதனை அப்புறம்தான். கடைசிக் கண்ணியையும் மூடியாச்சு. ஊட்டிக்கு டிரெய்னிங் போற அண்ணனைக் கூப்பிட்டு, "போட்டுப் பாருண்ணா"ங்கிறீங்க. தலை நுழையுது, கை நுழையுது, நெஞ்சுகிட்ட வந்ததும்... கப்புனு நின்னுடுது! நாலு மாச உழைப்பு பீரோவுக்குள்ள போகுமா, அண்ணன் தோள்ல ஏறுமா? அதை முடிவு பண்றது உங்க கைத்திறமை மட்டும் இல்லை, கணக்கும்தான்.

அரைக் கண்ணி, நாலு இன்ச்!

அண்ணனுக்கு 40 இன்ச் சுற்றளவுல ஸ்வெட்டர் வேணும். உங்க பின்னல்ல ஒரு இன்ச்சுக்கு 5 கண்ணி விழுது. 40-ஐ 5-ஆல பெருக்குங்க, 200 கண்ணி. இதுவரைக்கும் எட்டாங்கிளாஸ் கணக்கு.

எக்ஸாம் டென்ஷன்ல நூலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுட்டீங்கன்னு வைங்க. இன்ச்சுக்கு ஐந்தரைக் கண்ணி ஆயிடும். அதே 200 கண்ணி இப்போ 36 இன்ச்தான் வரும். கிரிக்கெட் பார்த்துக்கிட்டே தளர்வா பின்னினா, இன்ச்சுக்கு நாலரை. ஸ்வெட்டர் 44 இன்ச்சைத் தாண்டிடும்! வித்தியாசம் அரைக் கண்ணிதான். கண்ணுக்கே தெரியாது. ஆனா, போடுறவங்க உடம்புக்குத் தெரியும்.

அதனாலதான் அனுபவசாலிகள் முதல்ல ஸ்வெட்டரை ஆரம்பிக்கிறதே இல்லை. ஆறு இன்ச் சதுரத்துல ஒரு துண்டு பின்னி, துவைச்சு, காய வச்சு, நடுவுல நாலு இன்ச்சுக்குள்ள எத்தனை கண்ணின்னு எண்ணுவாங்க. ஓரத்துல எண்ணக் கூடாது. அங்கே கண்ணி இழுபட்டிருக்கும்.

பனியன் கம்பெனி சொல்லித் தர்ற பாடம்

"அட, இதெல்லாம் கைவேலைக்காரங்க பயம்"னு நினைக்காதீங்க. நம்ம ஊர் நிட்டிங் மெஷினும் இதே கணக்குலதான் ஓடுது. 30 இன்ச் விட்டமும் 24 கேஜும் இருக்கிற ஒரு வட்ட மெஷின்ல சுமார் 2,260 ஊசி. கேஜ்னா வேற ஒண்ணும் இல்லை, ஒரு இன்ச்சுக்கு எத்தனை ஊசிங்கிறதுதான். 1589-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ முதல் பின்னல் இயந்திரத்தைச் செஞ்சப்போ, கை பின்னுறதைத்தான் இரும்புக்குக் கத்துக் கொடுத்தார். உங்க ஊசிக்கும் இந்த மெஷினுக்கும் ஒரே பூர்வீகம்!

துணி வந்ததும் நேரா கத்தரிக்குப் போயிடாது. வட்டமா 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடை போடுவாங்க. வர்ற கிராமை 100-ஆல பெருக்கினா ஜிஎஸ்எம். அப்புறம் துணியில அளவு குறிச்சு, துவைச்சு, எவ்வளவு சுருங்குதுன்னு பார்ப்பாங்க. 28 இன்ச் நீள டி-ஷர்ட் 5 சதவிகிதம் சுருங்கினா கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச் காலி. ரோலா சுத்தியிருந்த துணியைப் பிரிச்சுப் போட்டு, இழுபட்ட கண்ணியெல்லாம் பழைய நிலைக்கு வந்த பிறகுதான் கட்டிங் டேபிளுக்கே ஏத்துவாங்க.

துவைச்ச டி-ஷர்ட்டோட சைடு தையல் மெல்ல முறுக்கிக்கிட்டு வயித்துப் பக்கம் வந்து நிக்கும், பார்த்திருக்கீங்களா? தையல்காரர் மேல பழி போடாதீங்க. நூலோட முறுக்கு தன்னைப் பிரிச்சுக்கப் பார்க்கும்போது கண்ணிகளும் சாயும். அதோட வேலைதான் அது.

இவ்வளவுக்குப் பிறகு ஃபிட் சாம்பிள், சைஸ் செட், கடைசியா பிபி சாம்பிள். அளவு தவறினா பையர் ஓகே சொல்ல மாட்டார். ஓகே வராம ஆயிரக்கணக்கான பீஸை வெட்ட முடியாது. ஒரு ஆர்டருக்கே இத்தனை சோதனைன்னா, ஒரே ஒரு பீஸ் பின்னுற நீங்க ஒரு சின்னத் துண்டுக்குச் சோம்பல் படலாமா?

கத்தரி இல்லாத டிசைன்

கம்பெனியில உருவத்தைக் கொடுக்கிறது கத்தரி. கைப்பின்னல்ல உருவத்தைக் கொடுக்கிறது கண்ணி. கூட்டினா விரியும், குறைச்சா ஒடுங்கும். கட்டிங் வேஸ்ட்டே கிடையாது!

எவ்வளவு கூட்டணும்? எலிசபெத் ஜிம்மர்மன்னு ஒரு பின்னல் வாத்தியாரம்மா. 1971-ல் வந்த 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' புத்தகம் அவங்களுடையது. வட்டமா பின்னுற ஸ்வெட்டருக்கு அவங்க கொடுத்த சதவிகிதக் கணக்கு பிரபலம். உடம்புச் சுற்றளவுக்கான கண்ணியை 100-னு வச்சுக்குங்க. மணிக்கட்டுக்கு 20, மேல் கைக்கு 33, கழுத்துக்கு 40 சதவிகிதம். நம்ம 200 கண்ணி ஸ்வெட்டருக்கு முறையே 40, 66, 80. இதை ஆரம்பமா எடுத்துக்கிட்டு, ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கணும்.

ஆளை அளக்கிறதைவிட, அவருக்குப் பிடிச்ச பழைய ஸ்வெட்டரை அளக்கிறது பெஸ்ட். மடிப்பில்லாம தரையில விரிச்சு, அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே குறுக்கா அளந்து ரெண்டால பெருக்குங்க. செக்கிங் டேபிள்ல டேப் வைக்கிற இடமும் அதுதான்!

நூல்லயும் கவனம் தேவை. கம்பளி இழுத்தா திரும்பி வரும். காட்டன் அப்படித் திரும்பாது. கனத்துல தொங்கி நீண்டுக்கிட்டே போகும். காட்டன் துண்டை க்ளிப்ல ஒரு ராத்திரி தொங்கவிட்டு அளந்தா, ஸ்வெட்டர் என்ன ஆகும்னு முன்கூட்டியே தெரிஞ்சுடும்.

முடிவில்தான் இருக்கு மேட்டர்

பின்னி முடிச்சதும் சுருங்கிக் கிடக்கிற துண்டைப் பார்த்து மனசு உடையாதீங்க. கம்பளியா இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில இருபது நிமிஷம் ஊற வைங்க. முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டுல சுருட்டி அமுக்கணும். பாயில விரிச்சு, சொன்ன அளவுக்கு இழுத்து குண்டூசி குத்தி நிழல்ல காய விடுங்க. கண்ணியெல்லாம் சமமாகி, ஸ்வெட்டர் தன் உருவத்துக்கு வந்துடும். அக்ரிலிக்னா இது அவ்வளவா எடுபடாது. அயர்ன் பாக்ஸை அழுத்துனா துணி உயிர் போய் தொளதொளன்னு ஆயிடும், ஜாக்கிரதை!

அக்குள்ல மிஞ்சுற கண்ணிகளை ஊசி நூலால ஒண்ணோட ஒண்ணு கோர்த்து, தையலே தெரியாம இணைக்கலாம். அந்த முறைக்குப் பேர் கிச்சனர் தையல். 1902 முதல் 1909 வரை இந்திய ராணுவத் தளபதியா இருந்த அதே கிச்சனர் பேர்தான்!

இவ்வளவு பண்ணியும் சரியா வரலையா? ஆபரேஷன் தியேட்டருக்கு வாங்க.

கை நீளமா? மணிக்கட்டுப் பட்டைக்கு மேல ஒரே ஒரு கண்ணியை வெட்டுங்க. அந்த நூலை வரிசை முழுக்க மெதுவா உருவினா துணி ரெண்டா பிரியும். மேல் பக்கத்துக் கண்ணிகளை ஊசியில பிடிச்சு, வேண்டாத நீளத்தைப் பிரிச்சுட்டு, பட்டையைக் கீழ்நோக்கிப் பின்னிடுங்க.

நெஞ்சு இறுக்கமா? முன்பக்கம், பின்பக்கம் தனித்தனியா பின்னித் தைச்சிருந்தா, ரெண்டு பக்கத் தையலையும் பிரிச்சு ஒன்றரை இன்ச் பட்டை ஒவ்வொண்ணா சேருங்க. மொத்தம் மூணு இன்ச் கூடிடும்.

தோள்பட்டையே தப்பா? அப்போ பிரிச்சுத்தான் ஆகணும். ஆனா ஒண்ணு... வெட்டின டி-ஷர்ட் துணியை மறுபடி மெஷின்ல ஏத்த முடியாது. உங்க ஸ்வெட்டரைப் பிரிச்சா நூல் அப்படியே திரும்பக் கிடைக்கும். போறது நேரம் மட்டும்தான்.

ரிஜெக்ட் ஆன பீஸுக்கு காதர்பேட்டையில ஒரு இடம் உண்டு. யாரோ ஒருத்தருக்கு அது பொருந்திடும். ஒரே ஆளுக்குன்னு பின்னின ஸ்வெட்டருக்கு அப்படி ஒரு சந்தை கிடையாது. அது அவருக்குப் பொருந்தணும், இல்லேன்னா யாருக்குமே இல்லை.

அதனால அடுத்த லீவுல ஊசியை எடுக்கிறதுக்கு முன்னாடி, டேப்பை எடுங்க ஃப்ரெண்ட்ஸ்!