கல்லாவைப் பூட்டி இரண்டு நாள்: கொல்லிமலைக்கு ஒரு பயணத் திட்டம்

ஊழியருக்கு விடுமுறை உண்டு. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. கடை முதலாளிக்கு விடுப்பு தர எந்தச் சட்டமும் இல்லை. அவராக எடுத்துக்கொண்டால்தான் உண்டு. நம்மில் பலர் எடுப்பதில்லை. திருமணத்திற்கும் துக்கத்திற்கும் தவிர ஷட்டரை இறக்காதவர்கள் நம் சங்கத்திலேயே எத்தனையோ பேர்.

அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் குடும்பத்தோடு போய்வரும் வசதி இப்போது பலருக்கு வந்திருக்கிறது. போய்வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போகவே மூன்று நாள் ஆகும். விமானத்தில் போனாலும் ஐந்தாறு நாள் ஒதுக்காமல் தீவைப் பார்த்துத் திரும்ப முடியாது. லட்சத்தீவுக்கு முன் அனுமதி வேண்டும். தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு இது கைக்கெட்டாத கணக்கு. அவருக்கு ஏற்றது, சமவெளி நடுவே தீவு போலத் தனித்து எழுந்து நிற்கும் நமது கொல்லிமலை.

எப்போது போகலாம்?

கொள்முதலுக்கு நாள் பார்ப்பது போலவே பயணத்திற்கும் நாள் பார்க்க வேண்டும். மளிகைக்காரருக்கு மாத முதல் பத்து நாள் ஆகாது. ஜி.எஸ்.டி. கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11, 20 ஆகிய தேதிகள் முக்கியம். எனவே 20-ஆம் தேதி தாண்டி, மாதக் கடைசிக்குள் இரண்டு நாள் பார்ப்பது நல்லது. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் பாத்திரம், மரச்சாமான் வியாபாரம் மந்தமாக இருக்கும். அந்தக் கடைக்காரர்கள் அப்போது போகலாம். ஆனால் ஆடி 17, 18 தேதிகளில் மலையில் வல்வில் ஓரி விழா நடைபெறும். விழாவைக் காண விரும்புவோர் அன்று போகலாம். அமைதியை நாடுவோர் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலைப்பாதைப் பயணம் வேண்டாம்.

கடையை என்ன செய்வது?

இரண்டு வழிகள். ஒன்று, கடையை முறையாக மூடுவது. ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதி வையுங்கள். பால், காய்கறி, ரொட்டி போன்ற சரக்கை முன்கூட்டியே குறைத்து வாங்குங்கள். அந்த நாட்களில் தவணை வரும் காசோலைகளுக்கு வங்கியில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கும் லாரி புக்கிங் அலுவலகத்திற்கும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, மூத்த ஊழியரிடமோ மகன், மகளிடமோ கடையை ஒப்படைப்பது. நாம் பரிந்துரைப்பது இதைத்தான். தொடக்க இருப்பை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு வரை கடன் தரலாம் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். விலை குறைக்கும் அதிகாரம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். பிறகு மணிக்கொரு முறை போன் செய்யாதீர்கள். இரவு ஒரு முறை போதும்.

இரண்டு நாள் நாம் இல்லாமல் ஓடாத கடை, நாம் திடீரெனப் படுக்கையில் விழுந்தால் என்ன ஆகும்? பாக்கி யார் யாரிடம் இருக்கிறது என்பது முதலாளியின் மனத்தில் மட்டும் இருந்தால், அவருக்குப் பின் அந்தப் பணம் வராது. இந்தப் பயணம் உல்லாசத்திற்காக மட்டுமல்ல. கடைக்கு நாம் வைத்துப் பார்க்கும் பரீட்சையும்கூட.

மலைக்கு வழி

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ராசிபுரம் பக்கமிருந்து வருவோருக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் உண்டு. அடிவாரத்திற்கு முன்பே டீசல் போட்டுக்கொள்ளுங்கள். பகலிலேயே ஏறி, பகலிலேயே இறங்குங்கள். ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை விதி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் வாருங்கள். வளைவுகளில் தலைசுற்றும் குழந்தைகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து அழைத்துச் செல்லாதீர்கள். அரசுப் பேருந்துகளும் உண்டு. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் நீதிமன்ற உத்தரவின்படி வந்த இ-பாஸ் ஏற்பாட்டில் கொல்லிமலை சேர்க்கப்படவில்லை.

முதல் நாள் செம்மேட்டில் அறை எடுத்துக்கொண்டு, சீக்குப்பாறை காட்சிமுனை, வாசலூர்ப்பட்டி படகுத்துறை, மாசிலா அருவி ஆகியவற்றைப் பார்க்கலாம். மறுநாள் காலை அறப்பளீசுவரர் கோயில். அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியது இந்த இறைவன் மேல்தான். கோயிலின் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்குவது எளிது, ஏறுவது கடினம். நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்தே பழகிய நமக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்வது நலம். வெள்ளம் வந்தால் அருவிக்கு அனுமதி இராது. அன்று வனத்துறையினரிடம் வாதாடாமல் திரும்பி விடுங்கள்.

வியாபாரிக் கண்ணோடு

மலைக்குப் போனாலும் சரக்கைப் பார்க்காமல் நம்மால் இருக்க முடியாது. சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி, பலா, மலைவாழை பாருங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறி நிற்பதையும் கீழே காப்பிச் செடி வளர்வதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வாங்கிய மிளகில் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள். நல்ல மிளகு அமிழும். பதரும் பப்பாளி விதையும் மிதக்கும்.

சாமை, தினை, கேழ்வரகு இந்த மலையின் பழைய பயிர்கள். சமவெளி ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பெருகியபோது, சாமை விளைந்த நிலம் சுருங்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல ஆண்டுகள் சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று நம் கடைகளில் சாமை கேட்டு வருவோர் உண்டு. விளைவிக்கும் மலையாளி மக்களிடம் விலை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே நாம் ஒரு கிலோ, இரண்டு கிலோ வாங்கும் விருந்தாளிகள். மூட்டைக்குப் பேசும் பேரத்தை அங்கே பேச வேண்டாம். நமது தராசுக்கு நியாயம் கேட்கும் நாம், அவர்களுடைய உழைப்புக்கும் அதே நியாயத்தைத் தர வேண்டும்.

கையோடு துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. தடையைக் கடையில் கடைப்பிடிக்கும் நாம் காட்டில் மீறலாகாது.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கணக்கைப் பாருங்கள். ஐந்நூறு, ஆயிரம் விற்பனை குறைந்திருக்கலாம். பொறுப்பில் இருந்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். எங்கே தடுமாறினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை அவருக்கும் இரண்டு நாள் விடுப்பு கொடுத்து மலைக்கு அனுப்புங்கள். அந்த இரண்டு நாளும் கல்லாவில் நீங்கள் இருங்கள்.